பெயர் இல்லாத பொட்டலம்

கலந்தது நீதான். வேறு யாருமில்லை.

பூங்கோதை வைத்தியரம்மா இடித்த வேர்ப்பொடியில் வெள்ளை மாத்திரையைத் தூளாக்கிப் போட்டாய். மடித்து நூல் சுற்றி என் கையில் கொடுத்தாய். வாங்கியது என்ன என்று எனக்குத் தெரியாது. கொடுத்த உனக்குத் தெரியும்.

நான் நாச்சிமுத்து. செவ்வாய்ச் சந்தையில் மாட்டுத் தரகு. எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. மாடு முட்டியும் ஆள் ஏமாற்றியும் கற்றுக்கொண்ட தொழில். முப்பது வருஷம் இந்த விரல்களால்தான் சோறு.

அந்த விரல்கள்தான் வீங்கின. காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் மடங்காது. ஒரு செவ்வாய், துண்டுக்குள் எதிராளியின் மூன்று விரலைப் பிடிக்கப் போனேன். மரத்த கை நான்கையும் சேர்த்து அள்ளிவிட்டது. நாச்சிமுத்து பேச்சு மாறுகிறான் என்று சந்தை முழுக்கப் பரவிவிட்டது.

வைத்தியரம்மாவிடம் வந்தேன். சித்த மருத்துவம் படித்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். நீ அவரைவிட இருபது வயது மூத்தவன். மெடிக்கல் கடையை மூடிவிட்டு அவரிடம் சீடனாகச் சேர்ந்தவன். நீ அவரை அம்மா என்பாய், அவர் உன்னை ஐயா என்பார்.

நாடி பார்த்தார். மூட்டுவாதம் மாதிரித் தெரிகிறது, பெரியாஸ்பத்திரியில் ரத்தமும் பார்த்துவிடுங்கள், பொடி மெதுவாகத்தான் கேட்கும் என்றார். எத்தனை மாதம் என்றேன். சொன்னார். நான் அதை நாள் கணக்காகக் குறைக்கப் பேரம் பேசினேன்.

"வாதம் துண்டுக்குள்ள கை போடாதுங்கண்ணா," என்றார்.

நீ சிரித்தாய். பொட்டலம் கட்டும்போது என் விரலைத் தொட்டுப் பார்த்துப் பாவம் என்றாய்.

ஐந்தாம் நாள் விரல் மடங்கியது. குணமானவன் எதற்கு ரத்தம் கொடுக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வைத்தியரம்மாவையும் பார்க்கவில்லை. வாராவாரம் உன்னிடம் பொட்டலம் வாங்கினேன். ஆறு மாதத்தில் முகம் பூசணிக்காயாக உருண்டது. பேரன் எடுக்கிற வயதில் மாமியார் வீட்டு விருந்தா என்று சந்தையில் கேலி செய்தார்கள்.

தைப்பூசத்துக்கு மாலை போட்டேன். மலை ஏறி இறங்கும்வரை மருந்து தொடமாட்டேன் என்று முருகனிடம் சொல்லிவைத்தேன். வேர்ப்பொடிதானே. நான்காம் நாள் வாந்தி. ஆறாம் நாள், சந்தையில் ஒரு காங்கேயம் காளையின் காலடியில் விழுந்தேன். காளை ஒதுங்கி நின்றது.

என்ன ஸ்டீராய்டு சாப்பிடுகிறாய் என்று ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று முறை கேட்டார். இல்லவே இல்லை என்று படுத்தபடியே அவரோடு சண்டை போட்டேன். அவர் என் உருண்ட முகத்தைப் பார்த்துவிட்டு ஊசி போட்டார். உயிர் திரும்பியது. வெளியே அனுப்பும்போது அதே ஸ்டீராய்டு மாத்திரையை அட்டையாகக் கொடுத்தார். தன்னால் சுரக்க வேண்டியதை உடம்பு மறந்துவிட்டதாம். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள்தான் குறைப்பார்களாம். நானாக நிறுத்தினால் மறுபடி விழுவேனாம்.

அந்த அட்டையையும் மீதிப் பொட்டலத்தையும் வைத்தியரம்மாவின் மேஜையில் வீசினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் பொட்டலத்தைப் பிரித்தார். பொடியை எடுத்து நாக்கில் வைத்தார்.

"என் பொடி துவர்க்கும். இது கசக்குது."

உன்னைத் திரும்பிப் பார்த்தார்.

நீ மழுப்பவில்லை. கடையில் மிஞ்சிய மாத்திரை என்றாய். முதலில் ஒரே ஒருவருக்குத்தான் கலந்தாயாம். அழுதுகொண்டு வந்தவர் சிரித்துக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு உன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லையாம். அப்புறம் கேட்டாய்.

"துடிக்கிறவங்களுக்கு உடனே ஆறுதல் குடுத்தது தப்புங்களாம்மா?"

அவர் என் தோளிலிருந்த துண்டை எடுத்தார். உன் கையையும் என் கையையும் சேர்த்து வைத்து மேலே போட்டார்.

"ஒரு விலை பேசுங்கண்ணா."

ஒடிக்கிற மாதிரிதான் பிடித்தேன்.

"என்ன சொன்னாருங்க ஐயா?"

"ரெண்டு."

"துண்டுக்கு வெளிய இருக்கிற எனக்குத் தெரிஞ்சுதுங்களா?"

"இல்லீங்கம்மா."

"உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"பொட்டலம் குடுத்தப்ப, இவருக்கு?"

நீ துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையும் வேண்டாம், உங்கள் நிஜப் பொடியைக் கொடுங்கள் என்றேன். அவர் அட்டையை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"வேளை தப்பாமச் சாப்பிடுங்கண்ணா."

"அதே சனியன்தானுங்களே அம்மா?"

"அதேதானுங்க. இதுல பேர் போட்டிருக்கு."

நீ அவர் காலில் விழுந்தாய். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். இருபது பேர் என்றாய்.

"என் கால்ல என்னங்க இருக்குது ஐயா? அதுல ஒருத்தர் நாளைக்கு நிறுத்துனா இவர் மாதிரி விழுவார். ஒவ்வொரு தடவையும் காளை ஒதுங்காது. போங்க. ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சு, உள்ள இருந்தது என்னன்னு சொல்லுங்க. கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. துண்டு இல்லாம."

நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அவர்களிடம்தான் போகிறாய் என்று நினைத்தோம். அன்றோடு உன்னைக் காணோம்.

மறுநாளே அம்மா தன் வைத்தியசாலை வாசலில் பலகை மாட்டினார். என் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது, நீங்களாக நிறுத்த வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தன் பெயரிலேயே எழுதினார். ஊர் அவரைத்தான் காறித் துப்பியது. உன் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, பார்த்துக்கொள். பலகையைப் படித்து ஆறு பேர் வந்தார்கள். சந்தையில் நான் தொண்டை கிழியக் கத்தியதில் இன்னும் ஏழு பேர். என்னையும் சேர்த்தால் பதினாலு.

மீதி ஆறு பேர் யார் என்பது உன் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று என் மாத்திரையில் ஒரு படி குறைத்திருக்கிறார்கள். விரல் வலிக்கிறது. அந்த விரலால்தான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சந்தை வாசலில் நிற்பேன். அடிக்க மாட்டேன். வா. ஆறு பேர் கையையும் நீயே பிடி. துண்டு இல்லாமல்.