அடிக்குரல்

தங்கையாவுக்கு அறுபத்திரண்டு வயதில் பாட்டு படிக்க ஆசை வந்தது. பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் ஓசூரில் இருந்தான். வீட்டில் ரேடியோவும் அவரும்தான்.

ரூபவதி டீச்சரிடம் போனார். டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஊர் நடுநிலைப் பள்ளியில் பாட்டு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலங்களில் சர்ச்சின் பாடகர் குழுவைப் பழக்குவார். எந்தச் சாவு வீட்டில் பாட ஆள் இல்லையோ அங்கே கூப்பிடாமலே போய் நின்று பாடிவிட்டு வருவார்.

குழுவில் முன்பு நிறையப் பேர் இருந்தார்கள். படிக்க, வேலைக்கு, கல்யாணமாகி என்று ஒவ்வொருவராக வெளியூர் போனார்கள். தங்கையா போய்ச் சேர்ந்த அன்று பெஞ்சுகள் எல்லாம் காலி. டீச்சர் மட்டும் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து, இல்லாத குழுவுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பாட்டு படிக்கணும் அண்ணாச்சி?"

தங்கையா சொன்னார். அந்தி நேரத்துப் பாட்டு ஒன்று. அடக்கத்திலும் பாடுவார்கள்.

"எம் வீட்டுக்காரி பாத்திரம் கழுவும்போது பாடுவா. வீட்டுல அது திரும்பக் கேட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

டீச்சர் வாசித்துக் காட்டினார். அது மனைவி பாடிய மெட்டு இல்லை. வெகு கீழே, ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று, எப்போதாவது ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தது.

"இது அந்தப் பாட்டு இல்லியே."

"அதே பாட்டுதான். அடிக்குரல். மெட்டு மேல போகும், இது கீழ நின்னு தாங்கும். உங்க சாரீரத்துக்கு இதுதான் வரும்."

"அப்ப மெட்ட யாரு பாடுறது?"

"நான் பாடுறேன்."

இருவரும் சேர்ந்து பாடும்போது நன்றாகத்தான் இருந்தது. டீச்சரின் குரல் மேலே போகப் போக, தன் ஒற்றைச் சுரத்துக்கும் ஓர் அர்த்தம் இருப்பதுபோல் தங்கையாவுக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து தனியாகப் பாடினால் ஒன்றும் இல்லை. வார்த்தைகள் இருந்தன, பாட்டு இல்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஜெயசீலி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ஒடம்புக்கு என்ன அண்ணாச்சி? ரெண்டு நாளா முனகிக்கிட்டே இருக்கீங்க."

அன்று சாயங்காலம் அவர் டீச்சரிடம் கேட்டார்.

"இங்க நீங்க கூடப் பாடுறீங்க, சரி. வீட்டுல நான் ஒத்தையில கெடக்கேன். மேல ஒரு குரல் இல்லாம, இந்த அடிக்குரல வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

டீச்சர் ஆர்மோனியத்தில் மூன்றாவது வரியை வாசித்தார்.

"மூணாவது வரியில நடுவுல மூச்சு விடுறீங்க அண்ணாச்சி. வார்த்தை பாதியில நிக்குது."

அவ்வளவுதான் பதில். மறுநாள் போகவேண்டாம் என்று தங்கையா நினைத்தார். மறுநாள் மணியானதும் வேறு போக்கிடம் தெரியாமல் போனார்.

அந்த மழைக்காலத்தில் மரக்கடை வாட்ச்மேன் பாக்கியராஜ் இறந்துபோனார். வெளியூர்க்காரர். சொந்தக்காரர்களுக்கு ஆகாத கல்யாணம் என்பதால் புருஷனும் பெண்டாட்டியுமாக இந்த ஊருக்கு வந்து, மரக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார்கள். பிள்ளை இல்லை. மனைவி பெயர் அன்னபாக்கியம்.

டீச்சர் காலையிலேயே தங்கையாவின் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு அடக்கம் இருக்கு. வாங்க."

துக்க வீட்டில் கூட்டம் இல்லை. மரக்கடை முதலாளி, லோடு ஏற்றும் ஆட்கள் சிலர், அடக்கம் செய்ய சர்ச்சிலிருந்து வந்த உபதேசியார். அன்னபாக்கியம் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யார் என்ன கேட்டாலும் பேசவில்லை.

"நேத்துலேருந்து இப்படித்தான். தண்ணிகூடக் குடிக்கல," என்றார் முதலாளி.

கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் ஜெபம் செய்தார். பிறகு பாட்டைச் சொன்னார். தங்கையாவின் பாட்டு. டீச்சர் தங்கையாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

தங்கையா தொடங்கினார். முதல் வரி முடிந்த பிறகுதான் தன் குரல் மட்டும் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

லோடு ஆட்களில் இருவர் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கையாவுக்குக் காது சூடேறியது. மெட்டுக்கு ஏறிவிடலாமா என்று நினைத்தார். அவர் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. நிறுத்திவிடலாம் என்றால், பெட்டிக்கு முன்னால் அந்தப் பெண் நிற்கிறாள். தெரிந்த ஒற்றை வழியில் அவர் போய்க்கொண்டே இருந்தார். முதல் சரணம் முடிந்தது. டீச்சர் மறுபடியும் தலையசைத்தார்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் ஒரு குரல் வந்தது. பிசிறடித்த, தண்ணீர் காணாத குரல். முதலில் எந்த இடம் என்று தெரியாமல் தடுமாறி, பிறகு தங்கையாவின் சுரத்தைத் தொட்டுக்கொண்டு மெட்டுக்கு ஏறியது.

அன்னபாக்கியம் பாடினாள். கண்ணை மூடிக்கொண்டு, புருஷனுக்கு நேரே நின்று பாடினாள். கடைசிச் சரணத்தில் குரல் உடைந்து, ஓவென்று அழுதாள். தங்கையா நிறுத்தவில்லை. அதே இடத்தில் நின்றார். அவள் அழுது, மூக்கைத் துடைத்து, மறுபடியும் வந்து சேர்ந்துகொண்டு கடைசி வரியைப் பாடி முடித்தாள். பிறகு தானே குனிந்து மண்ணை எடுத்துப் போட்டாள்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். தண்ணீர்த் தொட்டி முக்கு வந்ததும் தங்கையா கேட்டார்.

"தொண்டைக்கு என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல."

"அந்தப் பிள்ளை பாடும்னு முன்னமே தெரியுமா?"

"தெரியாது."

"பாடாம இருந்திருந்தா?"

"நீங்க பாடி முடிச்சிருப்பீங்க. ரெண்டு பேரும் இதே வழியில வந்திருப்போம்."

தங்கையா நின்றுவிட்டார்.

"பின்ன நீங்களே பாடியிருக்கலாம்ல. என்னைய ஏன் அப்படி ஒத்தையில விட்டீங்க?"

டீச்சரும் நின்றார்.

"நான் பாடியிருந்தா அண்ணாச்சி, அந்தப் பிள்ளை கேட்டுக்கிட்டுல்ல நின்னிருக்கும்."