பின்கட்டு ரூமுல இருந்து வந்த பதிலு

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். கக்கூசுக்குக் கதவு கிடையாது, ஆனா போர்டுல மட்டும் ‘சர்வதேசப் பள்ளி’ன்னு தங்கக் கலர்ல எழுதியாச்சு. ம் கொட்டுலே, அப்பதான் சொல்லுவேன்.

அந்தப் பேருக்கு ஆபீசரு வந்து பாத்து சர்டிபிகேட் குடுக்கணும். வெளிநாட்டுப் பிள்ளைங்களோட லெட்டர் பழக்கம் இருக்கான்னு கேப்பாரு. ஹெச்.எம். சாரு என்ன செஞ்சாரு, பனி கொட்டுற நாட்டுல ஒரு பள்ளிக்கூடத்தை வாயாலயே கட்டிட்டாரு. எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க நாப்பது பேரும் உக்காந்து லெட்டர் எழுதுச்சுக. சாரு ஒண்ணைக் கூட தபால்ல போடலை. பின்கட்டு ரூமுல போட்டுப் பூட்டிட்டாரு.

அப்புறம் பாத்தா, திங்கக்கிழமை பெஞ்சு மேல நாப்பது பதிலு. தொட்டா சில்லுனு ஈரம். ‘உன் பேரு நல்லாயிருக்கு, எனக்குத் தருவியா?’

வெளிநாட்டுப் பிள்ளை கேக்குதேன்னு எல்லாரும் சரின்னு எழுதிட்டாங்க. இசக்கி மட்டும், ‘மொதல்ல உன் பேரு என்ன, உங்க அம்மா பேரு என்ன’ன்னு எழுதுனா. அவளுக்கு அதோட பதிலே வரலை.

மறுநாள் அட்டெண்டென்ஸ்ல ஜெபராணின்னு கூப்பிட்டா, இசக்கி பக்கத்துல இருந்த அவ அசையலை.

“ஏட்டி, உன்னயத்தான்”னா இசக்கி.

“யாரது ஜெபராணி?”ங்கா.

உசிரான கூட்டாளில்லா. இசக்கி சாருகிட்ட ஓடுனா. சாருக்கு மூஞ்சி வெளுத்துருச்சு, ஆனாலும், “ஆபீசரு வந்துட்டுப் போறவரைக்கும் வாயை மூடு. ஃபைலுக்கு லெட்டர் வேணும்”னாரு.

அப்போ ரெண்டாவது லெட்டர் வந்துச்சு. இந்தத் தடவை, ‘உன் குரலைத் தருவியா?’ன்னு கேட்டுச்சு. குடுத்தாங்க. அப்புறம் கிளாஸுல கிசுகிசுன்னு கூட சத்தமில்லை. பூட்டுன ரூமுக்குள்ளதான் ஜெபராணி குரலு கலகலன்னு சிரிச்சுச்சு. தூங்கிட்டியாலே? ...ம், சரி.

மூணாவது லெட்டர். ‘கீழ கையெழுத்துப் போடுறவங்க இடம் இனி எங்களுக்கு.’ ஜெபராணி பேனாவைத் திறந்தா. இசக்கி வெடுக்குனு பிடுங்கிட்டா.

“கேட்டுக்கிட்டே இருக்கே, தன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுச்சாட்டி? இதெல்லாம் ஒரு சிநேகிதமா?”

ஜெபராணி கண்ணுல பொலபொலன்னு தண்ணி. இசக்கி முப்பத்தொன்பது தாளையும் வாரிக்கிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போனா. அன்னைக்குத்தான் வந்த ஆபீசரு அங்க காப்பி குடிச்சிட்டு இருந்தாரு.

“ஃபைலுக்குக் கையெழுத்து வேணும், சார்”னு ஹெச்.எம். சாருகிட்ட நீட்டுனா.

சாரு என்னைக்கு எதைப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாரு? சரக், சரக், சரக். முப்பத்தொன்பது.

சாரு இடம் கிடைச்சதும், லெட்டர் போட்டதுக பேரையும் குரலையும் திருப்பி வீசிருச்சுக போல. கிளாஸுல இருந்து, “ஏட்டி இசக்கி, நான் ஜெபராணி”ன்னு ஒரு சத்தம்.

அப்புறம் திரும்பிப் பாத்தா, நாற்காலியில சாரு மாதிரியே ஒருத்தரு. சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு, மூச்சு விட்டா வெள்ளையா புகை. ஆபீசரு ஒண்ணும் கவனிக்கலை, கை குலுக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

பின்கட்டு ரூமுல டொக், டொக், டொக்.

இசக்கி கதவுல காதை வச்சு, “உள்ள யாரு?”ன்னா.

“சர்டிபிகேட் குடுத்துட்டாரா, பாப்பா?”ன்னுச்சு சாரு குரலு.

கதை அம்புட்டுதான். போர்வையை இழுத்து மூடிட்டுப் படுலே.