வரிசையில்லாத கேன்டீன்

பல்லடம் ரோட்டில் ஒரு எம்.பி.ஏ. கல்லூரி. அதன் டைரக்டர் பூவராகனுக்கு ஒரு பெருமை உண்டு. அவருடைய நிர்வாகவியல் வகுப்பில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருந்ததில்லை. போகிற இடமெல்லாம் அதைச் சொல்வார்.

அவர் கண்ணை உறுத்தியது கேன்டீன் வரிசை ஒன்றுதான். பதினோரு மணி இடைவேளையில் அது வாசலைத் தாண்டி நிற்கும். ஒருநாள், கேன்டீன் நடத்தும் மயிலாத்தாளை மாணவர்கள் எதிரிலேயே கூப்பிட்டார்.

"நாளைக்கு இந்த வரிசை இருக்கக் கூடாது. கூடுதல் ஆள் கிடையாது, இன்னொரு கவுன்ட்டர் கிடையாது, கடையைப் பூட்டவும் கூடாது. முடியலேன்னா கேன்டீனை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். இதுக்குப் பேர்தான் மேனேஜ்மென்ட்!"

மாணவர்கள் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

"ஆகட்டுங்க சார்" என்றாள் மயிலாத்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு டைரக்டர் வந்து பார்த்தார். கடை திறந்திருந்தது. டீ கொதித்துக்கொண்டிருந்தது, வடை ஆறிக்கொண்டிருந்தது. ஈ காக்கை இல்லை.

"எப்படிம்மா செஞ்சே?"

அவள் வாசலில் மாட்டியிருந்த கரும்பலகையைக் காட்டினாள். 'இன்று பதினோரு மணிக்கு டைரக்டர் சாரின் சிறப்புரை கேன்டீனில் நடைபெறும். அனைவரும் வருக.'

டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வகுப்பு எப்பவும் நிறைஞ்சிருக்குமே! இங்க மட்டும் ஏன் ஒருத்தனும் வரலே?"

"அங்க நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க சார். இங்க நாங்க டீ மட்டுந்தானுங்க தர்றோம்."