கொக்குக் கடையின் கொசுறு

குளக்கரையில் ஒரு கொக்கு கணினிக் கடை வைத்திருந்தது. ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்குப் பரம சாதுவாகத் தெரியும். வேர்க்கடலை வாசம் வந்தால் மட்டும் அந்தக் கண் சட்டென்று திறந்துகொள்ளும்.

ஐப்பசி பிறக்கப்போகிற நேரம். அடைமழை பிடித்துவிட்டால் காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் வெள்ளம், பாடம் கணினியில்தான். அதனால் செவ்வந்தி என்ற அணில், தன் குட்டிகளுக்குக் கணினி வாங்கக் கிளம்பியது. முதுகில் ஒரு மூட்டை வேர்க்கடலை. பாதி கணினிக்கு, மீதி மழைக்காலச் சாப்பாட்டுக்கு. வீட்டில் வேறு கடலை கிடையாது.

"அண்ணாச்சி, இந்தச் சின்னக் கணினி என்ன விலை?"

"ஒரு மூட்டை, தங்கச்சி."

அணிலுக்குப் பகீரென்றது. "பாதி மூட்டை என்றல்லவா நினைத்து வந்தேன்!"

"விலைவாசி அப்படி. ஆனால் வெறும் கணினியாகத் தரவில்லை. கணினியை எழுப்பி வேலை வாங்க ஓர் இயங்குதளம் வேண்டாமா? ஆந்தைக் கம்பெனியின் இயங்குதளத்தை உள்ளே போட்டே தருகிறேன். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு இல்லையா? அதுபோல இது."

"எனக்கு அது வேண்டாமே, அண்ணாச்சி. எறும்புகள் எல்லாம் கூடி எழுதிய இயங்குதளம் என்னிடம் இருக்கிறது." அணில் கழுத்தில் கட்டியிருந்த பென்டிரைவைக் காட்டியது. "கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆந்தையுடையதை எடுத்துவிட்டு விலையைக் குறையுங்கள்."

கொக்கு சிரித்தது. "கொசுறுக்கு ஏது தாயி விலை? எடுத்தாலும் ஒரு மூட்டைதான், எடுக்காவிட்டாலும் ஒரு மூட்டைதான். வேண்டாமென்றால் வழியை விடு. பின்னால் ஆள் நிற்கிறது."

நின்றதும் உண்மைதான். முயலும் முள்ளம்பன்றியும் ஆளுக்கொரு மூட்டையோடு வரிசையில் நின்றன. ஏன் இந்த விலை என்று இரண்டில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. படிப்பா, பசியா? வேறு வழி தெரியாமல் அணில் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தது.

அந்த நேரம் பார்த்து ஆமை ஒன்று ஆடி அசைந்து வந்தது. அதன் முதுகில் பழைய கணினி.

"கொக்கண்ணே, என் கணினியில் இருந்த இயங்குதளம் கெட்டுப்போய்விட்டது. கணினி வேண்டாம். அந்த ஆந்தைச் சரக்கை மட்டும் போட்டுக் கொடு."

கொக்குக்கு வியாபார உற்சாகம் தலைக்கேறியது. "பேஷாகப் போடலாம். அரை மூட்டைக் கடலை கொடு."

அணிலின் கை அப்படியே நின்றது. பிறகு நிதானமாக முடிச்சைத் திரும்பப் போட்டது.

"அண்ணாச்சி, கொசுறுக்கு விலையே இல்லை என்றீர்கள். ஆமையாருக்கு மட்டும் அரை மூட்டையா?"

"அது... அது வந்து..." கொக்கு மடக்கியிருந்த காலையும் கீழே ஊன்றிவிட்டது.

"விலை இல்லையென்றால் ஆமையாருக்குச் சும்மா கொடுங்கள். அரை மூட்டை பெறும் என்றால் அதை என் விலையில் கழியுங்கள். எது வசதி உங்களுக்கு?"

வரிசையில் சிரிப்பு வெடித்தது. "தவளைதான் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையைத் தின்கிறவரும் அப்படித்தான் போலிருக்கிறது" என்றது முள்ளம்பன்றி. முயல் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டப் பார்த்தது. கொக்கு பதறிப்போய், ஆந்தைச் சரக்கை நீக்கிவிட்டு, அரை மூட்டைக்கே கணினியை நீட்டியது.

அணில் அங்கேயே உட்கார்ந்து ஆமையின் பழைய கணினியிலும் எறும்புகளின் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது.

"இதற்கு நான் என்ன தரவேண்டும், தாயி?"

"நன்றாக ஓடுகிறதா என்று எறும்புகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது போதும்."

அந்த மழைக்காலம் முழுக்க அணில் குட்டிகள் பாடமும் படித்தன, கடலையும் கொறித்தன. கணினியின் மேலெல்லாம் கடலைத் தோல்.

இலவசம் என்று தலையில் கட்டும் பொருளுக்கும் ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மூட்டையை அவிழ்க்க வேண்டும்.