மூணு அசைக்கு மூணு வெட்டு

ஒரு ஊர்ல, புதுச்சேரின்னே வச்சுக்கோயேன், சவரிராயன்னு ஒரு சமையல்காரன் இருந்தானாம். கத்தி நல்ல கூர். புத்திதான் கொஞ்சம் மழுங்கல். 'ம்' கொட்டு கயலு.

"ம்."

அவனுக்குப் பிரெஞ்சுக் கப்பல்ல சமைக்கணும்னு ஆசை. அந்த வேலை கிடைக்கலேன்னா மாமனார் மெஸ்ஸுல ஆயுசுக்கும் வெங்காயம் உரிக்கணும், அவர் வசவையும் வாங்கிக்கிட்டு. ஆனா கப்பல் கம்பெனியில ஒரு பரீட்சை. பிரெஞ்சு வினைச்சொல்லை அசை அசையாப் பிரிச்சு வாய்விட்டுச் சொல்லணும். மூணே தடவைதான் விடுவாங்க.

எங்க படிச்சான்? பீன்ஸ் நறுக்குற பலகையில. அசைக்கு ஒரு வெட்டு. ப்ரே, டக். பா, டக். ரோன், டக். 'தயார் பண்றோம்'னு அர்த்தம். கடைசி அசையை மூக்கால சொல்லணும். மெஸ்ஸுக்கு வந்தவனெல்லாம் "என்ன தம்பி, சளியா?"ன்னு கேட்டான்.

"அப்புறம்?"

அப்புறம் மொதல் தடவை போனான். பரீட்சை வைக்கிறவர் லூர்துநாதன். ஐயான்னா திரும்ப மாட்டார், முசேன்னாதான் திரும்புவார். காது மந்தம். தொப்புள் வரைக்கும் டை. "சொல்லுங்க"ன்னார். கையில கத்தி இல்லையா, நாக்கு நகரல. ப்ரே, ப்ரேன்னு ஆட்டுக்குட்டி மாதிரி நின்னுட்டு வந்தான்.

ரெண்டாந்தடவை வெறுங்கையால மேசையிலயே ஒரு வெட்டு. டமார். மைக்கூடு எகிறி, முசே மூஞ்சி நீலமாப் போச்சு.

மூணாந்தடவை. இதை விட்டா மாமனார்தான். பலகை, கத்தி, கால் கிலோ பீன்ஸோட போனான். பயத்துல கண்ணை மூடிக்கிட்டான். அப்போ முசே காதைக் கொடுத்துக் கிட்டக் குனிஞ்சார். ப்ரே, சரக். பா, சரக். ரோன், சரக்.

கண்ணைத் தொறந்தா பீன்ஸ் வச்சது வச்சபடி இருக்கு. பலகையில டை, மூணு துண்டு.

"ஐயோ, வேலை போச்சா?"

அவனும் அப்படித்தான் நெனச்சான். முசே துண்டை ஒண்ணொண்ணாத் தூக்கிப் பாத்தார். "பிரிச்சது சரி. கப்பல்ல டை கட்டினவன் பக்கத்துல மட்டும் போகாதீங்க"ன்னு கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் கப்பலேறினான். சமையல்கட்டுக் கதவைத் தொறந்து, மூக்கால பெருசா "ப்ரே-பா-ரோன்"னான். உள்ளேருந்து ஒரு காரைக்கால் குரல். "சளி புடிச்சவனையெல்லாம் யாருய்யா அனுப்புறது? அந்த வெங்காயத்தை உரி."

"தாத்தா, நீயும் பீன்ஸ் நறுக்குறப்போ மூக்கால முனகுறியே. அப்போ அது..."

கதை கரை சேர்ந்துச்சு, உன் தாத்தன் மானம் கப்பலேறிப் போச்சு. கண்ணை மூடு.