மூன்றாவது மூசை

கரியமலையார் பாதரசம் கட்டும் சித்தர். அவரிடம் தீட்சை கேட்டு வருபவர்களுக்கு ஒரே சோதனைதான். மருந்து உருக்கும் மண்கிண்ணம் ஒன்றை, அதாவது மூசையை, செய்து சுட்டுத் தரவேண்டும். மூன்று முறைக்குள் ஒன்றாவது உலையைத் தாங்கினால் தீட்சை. இல்லையென்றால் மலையிறங்க வேண்டியதுதான்.

மூசைக்கு ஏடுகள் பதினாறு இலக்கணம் சொல்கின்றன. எழுதியவர்களில் எத்தனை பேர் கையில் மண் ஒட்டியது என்று மட்டும் சொல்வதில்லை.

மருதப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. மனைவி பாவாயி இறந்த மறுமாதமே, எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று தலையை மழித்துக்கொண்டு மலையேறியவர்.

முதல் மூசையைக் கையால் பிடித்தார். உலையில் உடைந்தது. மண்ணுக்குள் காற்று நின்றுவிட்டது என்று நினைத்து, இரண்டாவதை மர அச்சில் இறுக்கி அடித்தார். அதே இடத்தில் உடைந்தது. சூடு போதவில்லையோ என்று மூன்றாவதை ஒரு பகல் கூடுதலாகச் சுட்டார். நெடுந்தீயில் மண்ணின் பொடிமணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பருத்து, அது முந்தியதைவிடச் சுலபமாகப் பிளந்தது. அதே இடத்தில்.

உச்சிவெயிலில் குரு மூன்றின் உடைந்த சில்லுகளையும் வரிசையாக வைத்து, பெரிதாக்கிக் காட்டும் பளிங்குக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்.

வெளிறிய மண்ணுக்குள் நூலிலும் மெல்லிய வெற்றுத் தடம். ஏழு சுற்று, கடைசியில் ஒரு முடிச்சு. மூன்றிலும் அப்படியே.

"என்ன சாமி இது?"

"தலைமுடி. தீயில் போய்விட்டது. இருந்த இடம் போகவில்லை."

மருதப்பன் தன் மொட்டைத் தலையைத் தடவினார். குருவுக்கும் மொட்டை. மருதப்பன் வந்தபின் மலைக்கு வேறு யாரும் வந்ததில்லை.

"அங்கே தேடாதே. இது ஒரு முழம் இருக்கும்," என்றார் குரு.

பாவாயி தலைவாரி முடித்ததும், சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி முடிந்து எறிவாள். ஏழு சுற்று. அவர் எண்ணியிருக்கிறார்.

"மண்ணை எந்தத் துணியில் சலித்தாய்?"

அவளுடைய பழைய சேலைத்துண்டில். ஒவ்வொரு முறையும் துவைத்து, வெயிலில் விரித்துப் பார்த்துத்தான் சலித்ததாகச் சொன்னார். அதில் ஒரு முடிகூட இருக்கவில்லை என்றார்.

குரு மறுக்கவில்லை. மருதப்பனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

உலை இன்னும் கனன்றுகொண்டிருந்தது. மடியிலிருந்து சேலைத்துண்டை எடுத்தார்.

"இதையும் எரித்துவிடுகிறேன் சாமி. இன்னும் ஒரே ஒரு மூசைக்கு அனுமதி கொடுங்கள்."

குரு மூன்றாவது மூசையின் சில்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"முடியையும் எரித்துத்தானே பார்த்தாய்."