கோணல் முனைகள்

"என் வேலையில என்ன குறை, டீச்சர்?" என்று கேட்டாள் குமுதவல்லி.

குறை ஒன்றும் இல்லை என்றாள் நஸ்ரின்.

"அப்புறம் ஏன் என் பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க?"

ஓவனில் களிமண் மணிகள் வெந்துகொண்டிருந்தன. கருகினால் அறை முழுக்க நாறும். நஸ்ரின் அதைப் பார்க்கப் போய்விட்டாள்.

கேட்டவளுக்கு அறுபது தாண்டியாச்சு. பதில் சொல்ல வேண்டியவளுக்கு அதில் பாதி இருந்தாலே அதிகம். ஆனாலும் கற்றுக்கொடுக்கிறவள் டீச்சர்தான். இந்த மாதிரி விஷயத்திலெல்லாம் குமுதவல்லி கறார்.

உறையூரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிற அறை அது. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பெண்கள் படியேறி வந்துவிடுவார்கள். பாலிமர் களிமண்ணைப் பிசைந்து கம்மல், பதக்கம், சாவிக்கொத்து என்று செய்வார்கள். கை ஒரு வேலை பார்த்தால் வாய் நாலு வேலை பார்க்கும். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் அங்கே பிசைபடுவார்கள்.

குமுதவல்லியின் மேஜையில் மட்டும் பேச்சே இருக்காது.

வாழ்நாளெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். வெள்ளைக் களிமண்ணில் ஒரு தூசி ஒட்ட விடமாட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவளும் டிவியும்தான். பால்காரர்கூடக் கதவில் மாட்டியிருக்கிற பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். மனுஷக் குரல் கேட்கத்தான் இங்கே வந்தாள். இங்கேயும் அவளுக்கு ஒரு வணக்கம் சொல்லி, மேடம் என்று கூப்பிட்டு, நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்றோடு நின்றுவிடலாம் என்று முடிவு பண்ணித்தான் வந்திருந்தாள். நிற்பதற்கு முன்னால் காரணத்தையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

நஸ்ரின் திரும்பி வந்தாள். குமுதவல்லி செய்து வைத்திருந்த உருளையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

உருளை என்பது இதுதான். பல நிறக் களிமண்ணை ஒரு பூவாகவோ கிளியாகவோ அடுக்கி, தடிமனான கட்டையாகச் சேர்த்து, அழுத்தி அழுத்தி மெலிசாக நீட்டுவார்கள். நடுவில் எங்கே நறுக்கினாலும் வில்லைக்கு வில்லை அதே கிளி தெரியும். ஆனால் இரண்டு முனையிலும் கோணிக்கொள்ளும். பிரம்மாவே வந்து உருட்டினாலும் முனை கோணும். அதை வெட்டி ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

ஒதுக்கியதை அங்கே யாரும் எறிவதில்லை. அறை நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. எல்லாரும் முனைகளை அதில் போடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக் கலந்து பிசைந்து மணி செய்துகொள்வார்கள். போடும்போதே கேலியும் நடக்கும். இது ரோஜாவா முட்டைக்கோஸா என்று ஒருத்தி கேட்டால், உன் முட்டைக்கோஸுக்கு இது தேவலை என்பாள் இன்னொருத்தி.

"உங்க முனையெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள் நஸ்ரின்.

பையில் இருக்கிறது என்றாள் குமுதவல்லி. ஒவ்வொரு வாரமும் கவரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிடுவாளாம். அடுத்தவர் இடத்தில் நம் கழிவை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் தனக்குக் கிடையாது என்றாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"டின்ல போடுங்க."

"அதையா? பார்க்கச் சகிக்காது டீச்சர்."

நஸ்ரின் எழுந்துபோய் யாருக்கோ இலையில் நரம்பு கீறக் காட்டிக்கொடுத்தாள்.

குமுதவல்லிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கேட்டது ஒன்று, இவள் சொல்வது ஒன்று. மேஜையைத் துடைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வாசல் வரை போனாள்.

போகிறதுதான் போகிறோம், டீச்சர் பேச்சைக் கேட்காமல் போனாள் என்ற பேர் எதற்கு? திரும்பி வந்து கவரை அவிழ்த்து, இருந்ததையெல்லாம் டின்னில் கொட்டினாள். கொட்டும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜெனிட்டா. அந்த அறையிலேயே பெரிய வாயாடி. ஒரு முனையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ன மேடம், கிளியா? பல்வலி வந்த கிளி மாதிரி இருக்கு."

அறை கப்சிப் என்று ஆகிவிட்டது. ஜெனிட்டாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குமுதவல்லி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பொய் சொல்ல முடியாது, தாடை வீங்கித்தான் இருந்தது.

"பல்வலியேதான்," என்றாள். "நான்தான் ஒரு பக்கமா அழுத்தித் தொலைச்சேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மேடத்துக்குமா கோணும் என்று ஒருத்தி நம்பாமல் கேட்டாள். இன்னொருத்தி தன்னுடைய மீனை எடுத்து வந்து, இதைவிடவா மோசம் என்று காட்டினாள். ஜெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கிளி மூக்கில் இவ்வளவு மெலிசான கறுப்புக் கோடு அறுந்துபோகாமல் எப்படி வந்தது, இத்தனை வாரமாகக் கேட்க நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன் என்றாள்.

குமுதவல்லி பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். பேச்சு கிளி மூக்கில் தொடங்கி, எங்கெங்கோ சுற்றி, ஜெனிட்டாவின் மாமியார் வரைக்கும் போய்விட்டது.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு நஸ்ரின் அந்தப் பக்கம் வந்தாள்.

"மத்தியானம் என்னமோ கேட்டீங்களேம்மா?"

குமுதவல்லி திரும்பாமலே கையைக் காட்டினாள்.

"செத்த இருங்க டீச்சர். இவ கதை பாதியில நிக்குது."